"12 முட்டை உறுதி" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 43 வயது, கணவருக்கு 47. லண்டனில் வசிக்கிறோம், இருவரும் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்கள். இரண்டு முறை ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) செய்தும் பலனில்லை. இனி வேறொரு பெண் தானமாகத் தரும் கருமுட்டைதான் வழி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இங்கே தெற்காசியப் பெண்களின் முட்டை கிடைக்க நீண்ட நாள் காத்திருக்க வேண்டுமாம். ஒரு ஏஜென்சி சென்னையில் எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. 12 முட்டை உறுதியாம். முட்டை தரும் பெண்ணின் படத்தைக் காட்டுவார்களாம், மிஞ்சும் கருக்களை உறைய வைத்து லண்டனுக்கு அனுப்பி வைப்பார்களாம். பதிவுக் கட்டணம் 500 பவுண்டு கட்டிவிட்டோம். மொத்தத்தில் பாதியை இந்த மாதமே கட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கட்டாதீர்கள். சென்னைக்குப் போவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். அவர்கள் தந்திருக்கும் மூன்று வாக்குறுதிகளில் ஒன்றைக்கூடச் சட்டப்படி நிறைவேற்ற முடியாது.

முதலில் அந்த 12 முட்டை. இந்தியாவில் 2021இல் செயற்கைக் கருத்தரிப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன்படி 23 முதல் 35 வயது வரையுள்ள பெண்தான் கருமுட்டை தானம் தரலாம், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. அவரிடமிருந்து 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவருடைய முட்டைகளை ஒரே தம்பதிக்குத்தான் கொடுக்கலாம். அப்படியானால் 12 எங்கிருந்து வரும்? ஒரே பெண்ணிடம் சட்டத்தை மீறி எடுப்பார்கள், அல்லது இரண்டு பெண்களின் முட்டையைக் கலந்துவிட்டு உங்களிடம் மறைப்பார்கள், இல்லையென்றால் வாயில் வந்ததைச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். மூன்றில் எதுவானாலும் உங்களுக்கு வேண்டாம். 7 முட்டை எடுத்தால் அதில் ஐந்தோ ஆறோ முதிர்ந்திருக்கும், நான்கு கருவுறலாம், ஐந்தாம் நாள் வரை வளர்ந்து நிற்பது ஒன்றோ இரண்டோதான். இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லும் மருத்துவரை நம்புங்கள்.

இடைத்தரகர்களைப் பற்றி நான் இவ்வளவு கடுமையாகப் பேசக் காரணம் உண்டு. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியை, போலி ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டி, பல மருத்துவமனைகளுக்கு அழைத்துப்போய்த் திரும்பத் திரும்ப முட்டை எடுக்க வைத்தார்கள். பெற்ற தாயும் ஒரு பெண் புரோக்கரும் அந்த வழக்கில் கைதானார்கள். தொலைபேசியில் உங்களிடம் இனிக்க இனிக்கப் பேசும் ஏஜென்சிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சட்டப்படி முட்டைக்கு விலை கிடையாது. தானம் தருபவருக்கு மருத்துவச் செலவும் 12 மாதக் காப்பீடும்தான். அந்தக் காப்பீட்டுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தரகர் மழுப்புவார்.

படம் காட்டுவதும் தவறு. தானம் தருபவரின் அடையாளம் ரகசியம். உயரம், நிறம், ரத்தப் பிரிவு, படிப்பு போன்ற விவரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கருக்களை லண்டனுக்கு அனுப்புவது மூன்றாவது வாக்குறுதி. பலர் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முட்டை, விந்து, கரு எதையும் இந்தியாவுக்கு வெளியே அனுப்ப அந்தச் சட்டம் தடை விதிக்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: ஒருவர் தம்முடைய சொந்த முட்டையையோ விந்தையோ கருவையோ தம் சொந்தப் பயன்பாட்டுக்காக, இந்தச் சிகிச்சைகளை மேற்பார்வையிடும் தேசிய வாரியத்தின் அனுமதியோடு எடுத்துப்போகலாம். ஏஜென்சிகள் இந்தப் பிரிவைக் காட்டித்தான் "கணவரின் விந்துதானே, அது உங்கள் கரு, அனுமதி வாங்கித் தருகிறோம்" என்பார்கள். கணவரின் விந்தாக இருந்தாலும் முட்டை வேறொருவருடையது. வாரியம் என்ன சொல்லும் என்று எந்தத் தரகரும் உறுதி கொடுக்க முடியாது. சரி, அனுமதி கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். லண்டனில் வாங்குவது யார்? பிரிட்டனின் கருத்தரிப்பு ஆணையமான எச்எஃப்இஏ, தானம் தந்தவரின் அடையாளத்தைப் பிள்ளை பின்னாளில் அறியக்கூடிய வகையில் தரப்பட்ட தானத்தைத்தான் உள்ளே விடும். இந்தியாவில் அடையாளம் ரகசியம் என்பதால் இந்தக் கதவும் மூடித்தான் இருக்கிறது. ஆக, மிஞ்சும் கரு சென்னையிலேயே இருக்கும். ஆண்டுக் கட்டணமும் அடுத்த முறைக்கான விமானச் செலவும் உங்கள் கணக்கில் ஏறும்.

இதிலேயே இன்னொரு முடிவும் அடங்கியிருக்கிறது. பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1 முதல் தரப்பட்ட தானத்தில் பிறந்த பிள்ளை, 18 வயதில் தானம் தந்தவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சென்னையில் சிகிச்சை பெற்றால் அந்த வழி உங்கள் பிள்ளைக்கு இல்லை. கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

உங்களை வெளிநாட்டுக்குத் துரத்துவது இங்குள்ள அமைப்புதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். முட்டை தானம் தருபவருக்கு 986 பவுண்டு வரைதான் ஈட்டுத்தொகை, தெற்காசியப் பெண்களிடம் போய் இதைப் பற்றிப் பேசுவாரும் குறைவு. 43 வயதில் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் பணம் தராது. வெளிநாடு போகிறேன் என்று சொன்னால் பல கிளினிக்குகள் கைகழுவி விடுகின்றன. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள்.

சென்னைக்குப் போகத் தடை எதுவும் இல்லை. வெளிநாட்டவருக்குத் தடை இருப்பது வாடகைத்தாய் முறைக்கு, இந்தச் சிகிச்சைக்கு அல்ல. வயது வரம்பு பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. சுற்றுலா விசாவில் போகாதீர்கள், மருத்துவ விசா எடுங்கள். ஏஜென்சியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு நேரடியாக எழுதுங்கள். அது ஐவிஎஃப் செய்யக்கூடிய இரண்டாம் நிலை கிளினிக்காகப் பதிவு பெற்றதா என்று பதிவு எண்ணோடு கேளுங்கள். முட்டை தருபவரைச் சேர்ப்பதும் பரிசோதிப்பதும் பதிவு பெற்ற கருமுட்டை வங்கியின் வேலை. அந்த வங்கியின் எண்ணையும் வாங்குங்கள். பணம் கிளினிக்கின் கணக்குக்கு மட்டும், ரசீதோடு.

எச்ஐவி, மஞ்சள் காமாலைப் பரிசோதனைகளை எல்லோரும் செய்வார்கள். பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியாவை விட்டுவிடாதீர்கள். உங்கள் கணவருக்கும் முட்டை தருபவருக்கும் இரண்டு பேருக்குமே பார்க்க வேண்டும். எத்தனை கரு வைப்பது என்று கேட்டால் ஒன்று என்று சொல்லுங்கள். முட்டை இளம்பெண்ணுடையது என்பதால் ஒன்றே போதும். தான முட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் எகிறும் ஆபத்து வழக்கத்தைவிட அதிகம், 43 வயதில் இரட்டையும் சேர்ந்தால் நிலைமை சிக்கலாகும்.

தானம் தந்தவரின் வயதை, முட்டை எடுத்த நாளின்படி, எழுத்தில் வாங்கி வாருங்கள். 12ஆம் வாரத்தையொட்டி லண்டனில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து டவுன் சிண்ட்ரோம் ஆபத்தைக் கணக்கிடுவார்கள். அதில் உங்கள் 43ஐப் போட்டால் ஆபத்து பல மடங்கு கூடுதலாகக் காட்டும், நீங்கள் வீணாகப் பயந்துபோவீர்கள். அவர் 26 வயதில் தந்திருந்தால் 26ஐத்தான் போட வேண்டும். முதல் சந்திப்பிலேயே மிட்வைஃபிடம் (பேறுகாலச் செவிலியரிடம்) தான முட்டை என்று சொல்லிவிடுங்கள். ஊருக்குத் தெரிய வேண்டாம், அவருக்குத் தெரிய வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தடுக்க ஆஸ்பிரின் தேவையா என்றும் அப்போதே கேளுங்கள். கரு வைத்த பின் சில வாரங்களுக்கு, கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் மருந்து தொடர வேண்டும். சில ஜிபிகள் (குடும்ப மருத்துவர்கள்) எழுதித் தர மறுக்கிறார்கள், அதனால் கையோடு கொண்டு வாருங்கள்.

குழந்தையை நாளை அந்தப் பெண் உரிமை கோருவாரோ என்ற பயம் வேண்டாம். இரு நாட்டுச் சட்டப்படியும் அவருக்கு உரிமை இல்லை. பிரிட்டனில் குழந்தையைச் சுமந்து பெற்றவர்தான் தாய், சிகிச்சை எங்கே நடந்திருந்தாலும்.

அந்த 500 பவுண்டைக் கடன் அட்டையில் கட்டியிருந்தால் இந்த வாரமே வங்கிக்கு எழுதுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ, விற்றவர் பொய் சொல்லியிருந்தால் அட்டை நிறுவனமும் பொறுப்பு. 12 முட்டை உறுதி என்று அவர்கள் அனுப்பிய செய்தியை அழித்துவிடாமல் அந்தக் கடிதத்தோடு இணையுங்கள்.