"என்ஜின் முதல் எல்லாம் சொந்தத் தொழிற்சாலையில் செய்தது" என்று சொல்லி விற்ற கார்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு டீலரிடம் பழைய சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். "இந்த கம்பெனி என்ஜின் முதல் எல்லாவற்றையும் சொந்தத் தொழிற்சாலையில்தான் செய்கிறது. விலை இறங்கவே இறங்காது" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். போன வாரம் சர்வீஸுக்கு விட்டபோது, என்ஜின் பிளாக்கிலும் கண்ணாடி ஏற்றும் சுவிட்சிலும் கதவுக் கைப்பிடியிலும் அதே குழுமத்தின் சாதாரண பிராண்டு முத்திரை இருப்பதை மெக்கானிக் காட்டினார். விற்கப் போனால் இதைச் சொல்லியே விலையைக் குறைக்கிறார்கள். காரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? தயாரித்த கம்பெனி மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை மூன்று பக்கமாகச் சிதறவிட்டால் வழக்கு தோற்றுவிடும். சுவிட்சையும் கைப்பிடியையும் விட்டுவிடுங்கள். 'விலை இறங்காது' என்ற பேச்சையும் முக்கியக் கோரிக்கையாக வைக்காதீர்கள். உங்கள் வழக்கு நிற்கப்போவது என்ஜினைப் பற்றி டீலர் எழுதிய அந்த ஒரு வரியின் மேல்தான்.

பாகங்களைப் பகிர்ந்துகொள்வது குறையும் அல்ல, மோசடியும் அல்ல. குறைந்த எண்ணிக்கையில் கார் செய்யும் நிறுவனம் ஒரு சுவிட்சுக்காகத் தனியாக அச்சு செய்து, சோதனை நடத்தி, அனுமதி வாங்கினால் செலவு தாங்காது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி7 ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ்ஸின் அடித்தளத்திலிருந்து பிறந்த கார். அதன் பின்விளக்குகள் மாஸ்டா 323எஃப்பிலிருந்து வந்தவை. லம்போர்கினி டயாப்லோவின் பிந்தைய மாடல்களில் இருந்தவை நிசான் 300இசட்எக்ஸின் முகப்பு விளக்குகள். லம்போர்கினி ஹுராக்கானும் இரண்டாம் தலைமுறை ஆடி ஆர்8-உம் ஒரே 5.2 லிட்டர் வி10 என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள். டீலர் இதையெல்லாம் தானாக முன்வந்து சொல்லவில்லை என்பது மட்டும் வழக்காகாது. விற்பவர் வாயைத் திறக்காமல் இருப்பது பொதுவாகத் தவறல்ல. வாயைத் திறந்து பொய் சொன்னால்தான் தவறு.

உங்கள் டீலர் வாயைத் திறந்தார். 'பந்தயத்துக்கென்றே பிறந்த கார்' என்று எழுதியிருந்தால் அதை விளம்பர மிகை என்று நீதிமன்றம் ஒதுக்கிவிடும். 'என்ஜின் இந்த கம்பெனியின் சொந்தத் தொழிற்சாலையில் செய்தது' என்பது அப்படியல்ல. உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய செய்தி அது.

இதைச் சொன்னவர் யார் என்பதும் முக்கியம். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1956-இல் தீர்ப்பான வழக்கில், கார் தொழிலே தெரியாத ஒருவர் பதிவுப் புத்தகத்தை நம்பித் தன் மோரிஸ் காரின் மாடல் ஆண்டைத் தவறாகச் சொன்னார். அது ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது என்று தீர்ப்பு வந்தது. 1965-இல், ஒரு பென்ட்லி காரின் என்ஜின் மாற்றப்பட்ட பிறகு இருபதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது என்று டீலர் சொன்னது பொய்யானது. அவர் தொழில்காரர், விசாரித்துத் தெரிந்துகொள்ளும் நிலையில் இருந்தவர், அதனால் அவர் சொன்னது உத்தரவாதம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் டீலர் நிற்பது இந்த இரண்டாவது இடத்தில்.

"என்ஜின் நன்றாகத்தானே ஓடுகிறது, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். இதே கேள்வி 1977-இல் அமெரிக்காவில் எழுந்தது. புதிய ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஷெவர்லே என்ஜின் இருப்பது தெரியவந்தது. இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் பிராண்டுகள், என்ஜினிலும் பழுதில்லை. ஆனால் ஓல்ட்ஸ்மொபைலின் என்ஜினை 'ராக்கெட்' என்ஜின் என்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்து, அந்தப் பெயருக்காகவே மக்கள் கூடுதல் விலை கொடுக்கும்படி செய்திருந்தார்கள். பல மாநில அரசு வழக்கறிஞர்கள் களத்தில் இறங்கிய பிறகு, வாங்கியவர்களுக்கு 200 டாலரும் கூடுதல் வாரண்டியும் தருவதாக ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டது. அந்தச் சமரசத்தை எதிர்த்தும் மேல்முறையீடு நடந்தது. பிராண்டின் பெயருக்கென்று விலை வாங்கிவிட்டு, அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை என்று பிறகு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இது உங்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்குப் பலம் சேர்க்கும்.

இனி, காரைத் திருப்பிக் கொடுப்பது. இந்தியாவின் 1930 சட்டம், இலங்கையின் 1896 கட்டளைச் சட்டம், மலேசியாவின் 1957 சட்டம் எல்லாம் 1893-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொருள் விற்பனைச் சட்டத்தை ஒட்டி வந்தவை. விவரித்துச் சொன்னதற்கும் கொடுத்த பொருளுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பது இவை எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் பொருளை ஏற்றுக்கொண்டு பயன்படுத்திய பிறகு, திருப்பித் தரும் உரிமை சுருங்கி நஷ்டஈட்டு உரிமையாகிவிடும். 1980களில் ஒரு நிசான் லாரல் கார் வழக்கில் மூன்று வாரப் பயன்பாட்டையே ஆங்கிலேய நீதிபதி தாமதம் என்றார். பின்னால் வந்த தீர்ப்புகள் அவ்வளவு கடுமை காட்டவில்லை. ஆனாலும் ஏழு மாதம் என்பது உங்களுக்குப் பாதகம்தான். தவறான தகவலை நம்பி ஒப்பந்தம் செய்தேன் என்ற அடிப்படையில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கு, உண்மை தெரிந்த பிறகு நீங்கள் காலம் கடத்தியிருக்கக் கூடாது. தெரிந்தது போன வாரம் என்பதால் இந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. இந்தியாவிலும் மலேசியாவிலும் ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால், வெறும் தவறான எடுத்துரைப்பை (பொய் என்று தெரியாமல் சொன்ன தவறான தகவலை) காட்டி ரத்து கேட்க முடியாது. இணையத்தில் தேடினாலே தெரிந்திருக்குமே என்று டீலர் சொல்லப்போவது இதை வைத்துத்தான். தெரிந்தே பொய் சொன்னார் என்று நிரூபித்தால் அந்த விதிவிலக்கு அவரைக் காப்பாற்றாது. எனவே அவருக்கு உண்மை தெரிந்திருந்ததற்கான ஆதாரத்தைத் தேடுங்கள். இதே மாடலுக்கு அவர் முன்பு கொடுத்த விளம்பரங்களும் சர்வீஸ் பில்களும் அதற்கு உதவும்.

மறுவிற்பனை மதிப்பில்தான் வழக்கு மிகவும் சிக்கலாகும். பகிர்ந்த பாகம் இருந்தால் விலை விழும் என்று விதி எதுவும் இல்லை. மெக்லாரன் எஃப்1 காரில் இருப்பது பிஎம்டபிள்யூவின் வி12 என்ஜின். ஏலத்தில் அதன் விலையை யாரும் குறைத்துக் கேட்பதில்லை. போர்ஷே 911 வரிசையின் 996 மாடல், விலை குறைந்த பாக்ஸ்டரோடு முகப்பைப் பகிர்ந்துகொண்டது. பழைய 911 கார்களில் அது வெகுகாலம் மலிவாகக் கிடைத்தது உண்மை. ஆனால் அதற்கு, என்ஜினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் பேரிங் என்ற பாகம் உடைந்தால் என்ஜினே கெட்டுவிடும் என்ற பயமும் ஒரு காரணம். உங்கள் காரின் விலை இறங்கியதிலும் எவ்வளவு என்ஜினால், எவ்வளவு வயதாலும் கிலோமீட்டராலும் சந்தை மந்தத்தாலும் என்று பிரித்துக் காட்ட வேண்டும். நஷ்டஈட்டின் அளவுகோல், காரை ஒப்படைத்த நாளில் சொன்னபடி இருந்திருந்தால் அதன் மதிப்பு என்ன, உண்மையில் இருந்த மதிப்பு என்ன என்ற வித்தியாசம்தான். இன்றைக்கு விற்கப்போகும் விலையை வைத்து யாரும் கணக்குப் போடமாட்டார்கள். இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் எழுத்துப்பூர்வ அறிக்கை வாங்குங்கள்.

தயாரித்த கம்பெனியை வழக்கில் இழுக்க வேண்டாம். அவர்கள் உங்களுக்கு விற்கவில்லை. அந்த வரியை எழுதியதும் அவர்கள் இல்லை.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். என்ஜின் எண், சேஸிஸ் எண், பாக முத்திரைகளைத் தேதியோடு படமெடுத்து, மெக்கானிக்கிடம் கையெழுத்திட்ட குறிப்பு வாங்குங்கள். அந்தப் பாகங்களை இப்போது மாற்றாதீர்கள். வழக்கறிஞர் நோட்டீஸ் இந்த மாதமே போகட்டும். முதல் கோரிக்கை ரத்து, அது கிடைக்காவிட்டால் மதிப்பு வித்தியாசம் என்று இரண்டையும் அதில் எழுதச் சொல்லுங்கள். நோட்டீஸ் அனுப்பிய பிறகு காரைத் தேவைக்கு மேல் ஓட்டாதீர்கள். தொடர்ந்து ஓட்டினால், உண்மை தெரிந்த பின்னும் ஏற்றுக்கொண்டீர்கள் என்பார்கள்.

காரை விற்றுவிட்டால் ரத்து கேட்கும் உரிமை போய்விடும், நஷ்டஈடு மட்டும் மிஞ்சும். எனவே விற்பதாக இருந்தால், டீலருக்கு முதலில் எழுதித் தெரிவித்து, காரைப் பரிசோதிக்க அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள். வாங்குபவரிடம் என்ஜின் எங்கே செய்யப்பட்டது என்பதை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். டீலர் உங்களுக்கு எழுதிய அந்த வரியை உங்கள் விளம்பரத்தில் திருப்பிப் போட்டால், பொய் என்று தெரிந்தே சொன்னவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.