நாணயம் வலுத்திருக்கும்போது அயல்நாட்டு நாணயத்தில் வீட்டுக்கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாணயம் ஓராண்டாக வலுத்து வருகிறது. ஆனாலும் இறக்குமதிப் பொருள்களின் விலை இறங்கவில்லை; வெளிநாட்டில் பணிபுரியும் மகன் அனுப்பும் தொகையும் மாற்றியபின் முன்பைவிடக் குறைவாகவே கைக்கு வருகிறது. அயல்நாட்டு நாணயத்தில் வீட்டுக்கடன் வாங்கினால் வட்டி குறைவு, தவணையும் இறங்கிக்கொண்டே போகும் என்கிறார் ஒரு முகவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம்.

நாணயம் வலுத்தால், எரிபொருள், மருந்து, இயந்திரம் முதலியவற்றை வெளியிலிருந்து வாங்குவோருக்கு ஆதாயம். ஏற்றுமதியாளருக்கும், உங்களைப் போல வெளியிலிருந்து பணம் பெறும் குடும்பங்களுக்கும் இழப்பு. கடையில் இருப்பது பழைய விலையில் வாங்கிய சரக்கு என்பது உண்மைதான். ஆனால் நாணயம் சரிந்தால் மறுவாரமே விலையை ஏற்றுகிறவர்கள், வலுக்கும்போது மட்டும் பழைய சரக்கைக் காரணம் காட்டி மாதக்கணக்கில் இழுத்தடிப்பதை எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

இனி கடனுக்கு வருகிறேன். முகவர் இன்றைய மாற்று விகிதத்தை வைத்துக் கணக்குக் காட்டுகிறார். நீங்கள் திருப்பிச் செலுத்தப்போவதோ இருபது, முப்பது ஆண்டுகள். போலந்தில் இப்படித்தான் நடந்தது. அந்நாட்டு நாணயமான ஸ்லாட்டி வலுவாக இருந்த 2008-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு சுவிஸ் ஃபிராங்க் ஏறக்குறைய 2 ஸ்லாட்டிக்குக் கிடைத்தது. குறைந்த வட்டியை நம்பிப் பல இலட்சம் பேர் ஃபிராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தார்கள். 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற அளவுக்கு மேல் ஃபிராங்க் வலுக்காதபடி தான் காத்துவந்த வரம்பைக் கைவிட்டதும் ஃபிராங்கின் மதிப்பு 4 ஸ்லாட்டியைத் தாண்டியது. 3,00,000 ஸ்லாட்டிக்கு ஈடாக 1,50,000 ஃபிராங்க் கடன் வாங்கிய ஒருவர், அதற்குள் ஐந்தில் ஒரு பங்கை அடைத்திருந்தாலும், மீதமுள்ள 1,20,000 ஃபிராங்க் அவருக்கு 4,80,000 ஸ்லாட்டி கடனாக நின்றது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் தவணை கட்டியும், மீதிக் கடன் அவர் வாங்கிய தொகையைவிடப் பெரிதாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் போலந்துக் கடனாளிகளுக்குச் சாதகமான முக்கியத் தீர்ப்பை வழங்கியது 2019 அக்டோபரில். அதுவரை பெரும்பாலோர் தவணை கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொரு பொறியையும் கவனியுங்கள். இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில், கடனை வழங்கும்போது வங்கி நாணயத்தை வாங்கும் விகிதமும், தவணையை வசூலிக்கும்போது விற்கும் விகிதமும் பயன்படுத்தப்பட்டன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒவ்வொரு மாதமும் நீங்கள் இழப்பீர்கள். முகவருக்கோ கடன் கைக்கு வந்த அன்றே தரகு கிடைத்துவிடும். பத்தாம் ஆண்டில் அவரைத் தேட முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கடன் எந்த நாணயத்தில் உள்ளதோ, அதே நாணயத்தில் வருமானம் வரும் குடும்பத்துக்கு இந்த இடர் பெரும்பாலும் இல்லை. ஆனால் 'அதே நாணயம்' என்பதை அப்படியே கொள்ள வேண்டும்: மகனின் சம்பளம் டாலரில், கடன் யூரோவில் என்றால் அது விதிவிலக்காகாது. சம்பளமும் கடனும் டாலரிலேயே இருந்தாலும், அவருடைய வேலை ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கும் கடன் இருபது ஆண்டுக்கும் என்றால், மீதிப் பதினேழு ஆண்டுகளுக்கு நீங்களும் போலந்துக் கடனாளியின் நிலையில்தான் இருப்பீர்கள். மகனும் கடனில் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டு, தவணை அவருடைய சம்பளக் கணக்கிலிருந்தே நேராகப் பிடிக்கப்பட்டு, அவர் பணிபுரியும் காலத்துக்குள்ளேயே கடன் முடிவதாக இருந்தால் மட்டுமே இதைப் பற்றி யோசியுங்கள்.

அப்போதும் ஒப்பந்தத்தில் எந்த விகிதத்தில், எந்த நாளில் தொகை மாற்றப்படும் என்பதை வங்கியிடமிருந்தே எழுத்தில் பெறுங்கள்; முகவர் தரும் தாளைக் கணக்கில் கொள்ளாதீர்கள்.