இதயப் பிரிவுச் செவிலியர் பணி: மகளின் விருப்பத்தை எண்ணித் தயங்கும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

செவிலியர் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், இதய நோய்ப் பிரிவில்தான் பணியாற்றுவேன் என்று உறுதியாகச் சொல்வதையும், அந்த உறுதியே உங்களுக்குக் கவலையாகிவிட்டதையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். மருத்துவர் சொன்னதைச் செய்யும் உதவியாளராகவே அவருடைய காலம் கழிந்துவிடுமோ, இரவுப் பணியும் அடிக்கடி நேரில் காணும் மரணங்களும் அவரைத் தளர்த்திவிடுமோ, ஒரே துறைக்குள் ஒதுங்கியபின் வேறு வழியில்லாமல் போகுமோ என்பவை உங்கள் ஐயங்கள். முதல் ஐயத்துக்கு அடிப்படையே இல்லை. இரண்டாவதில் உண்மை உண்டு. மூன்றாவது, அவர் தம் முதல் வேலையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. நீங்கள் கேட்காவிட்டாலும் அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

1960களுக்கு முன்பு மாரடைப்பு நோயாளிகள் பொது வார்டுகளில் மற்ற நோயாளிகளோடு ஆங்காங்கே படுத்திருந்தனர். அவர்களுள் பலரின் உயிரைப் பறித்தது, இதயத் துடிப்பின் தாளம் திடீரெனக் குலைந்ததும், அதை உரிய நேரத்தில் கண்டு திருத்த அருகில் ஆளில்லாமற்போனதுமே. இத்தகைய நோயாளிகளை ஓரிடத்தில் வைத்து இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்று பிரிட்டனில் டெஸ்மண்ட் ஜூலியன் 1961இல் முன்மொழிந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹியூஸ் டே என்ற மருத்துவர் அப்படியொரு பிரிவைத் தொடங்கினார். ஆனால் மானிட்டரை மாட்டிவைப்பதால் மட்டும் பயனில்லை என்பதும், ஒலி கேட்டு மருத்துவர் எங்கிருந்தோ ஓடிவருவதற்குள் காலம் கடந்துவிடுகிறது என்பதும் விரைவிலேயே தெளிவாயின. பிலடெல்பியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும் அமைத்த பிரிவில், தாளத்தைப் படித்து அறியவும், தேவையானால் மருத்துவருக்காகக் காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுக்கவும் செவிலியருக்குப் பயிற்சியும் அதிகாரமும் தரப்பட்டன. இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிய ஒருவருக்கு நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காவிட்டால், கடக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த முடிவு எவ்வளவு அவசியமானது என்பது புரியும். அப்பிரிவுகள் பரவியபின் மருத்துவமனைகளில் மாரடைப்பு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆகவே இத்துறை, செவிலியரின் தீர்மானத்தை நம்பியே பிறந்த துறை.

இன்றைய அன்றாடப் பணியிலும் அதே தீர்மானம்தான் வேண்டியிருக்கிறது. தொடை வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட ஒருவர், சில மணி நேரத்துக்குப்பின் முதுகு வலிக்கிறது என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருப்பவருக்கு முதுகு வலிப்பது இயல்புதான். புதிதாக வந்தவர் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார். அனுபவமுள்ள செவிலியரோ, வயிற்றுக்குப் பின்புறம் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிகிறதோ என்று ஐயுற்று, இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்து, உடனே மருத்துவரை அழைப்பார். இதய அறுவை முடிந்து வந்தவரின் நெஞ்சில், உள்ளே சேரும் இரத்தத்தை வடிக்கப் பொருத்திய குழாயில் வழிந்துகொண்டிருந்த இரத்தம் சட்டென்று நின்றுபோனால் அது நல்ல செய்திபோலத் தோன்றும். கூடவே இரத்த அழுத்தமும் சரிந்தால், குழாய் அடைபட்டு இரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை நெரிக்கிறது என்ற பொருளும் அதற்கு உண்டு. நீரிழிவு நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ, குமட்டலாகவோ, வெறும் களைப்பாகவோ மாரடைப்பு வரலாம். பெண்களிடமும் அறிகுறிகள் பல நேரங்களில் இப்படி மறைந்து வருகின்றன. வலி எங்கே என்று கேட்டுவிட்டு இல்லை என்ற பதிலோடு நகர்ந்துவிடுபவரால் இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. நோயாளி பல் துலக்கும்போது கையசைவால் மானிட்டரில் உயிருக்கு ஆபத்தான தாளம் போன்ற கோடுகள் ஓடும். அதைக் கண்டு ஓடிவந்தவருக்கு முன்னால், வாயில் பிரஷ்ஷோடு நோயாளி திருதிருவென்று விழித்துக்கொண்டிருப்பார். முதலில் நோயாளியைப் பார், பிறகு மானிட்டரைப் பார் என்று மூத்த செவிலியர்கள் சொல்லித்தருவது இதனால்தான். நாள்முழுதும் ஒலிக்கும் எச்சரிக்கை மணிகளுக்குக் காது பழகி, உண்மையான மணியையும் அலட்சியம் செய்துவிடுவது இப்பிரிவுகளில் எங்கும் அறியப்பட்ட ஆபத்து.

மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறையில் கணக்குப் பிழைக்கு இடமே இல்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் டிகாக்ஸின் என்ற மருந்தைக் கொடுக்குமுன் ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். வயதுவந்தோருக்கு 60க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிப்பது வழக்கம். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் துடிப்பின் தாளம் கெடும். நுண்ணளவில் துளித்துளியாக ஏற்றப்படும் மருந்துகளுக்கு, நோயாளியின் எடையையும் கரைசலின் அடர்த்தியையும் வைத்து வேகத்தைக் கணக்கிட வேண்டும். உங்கள் மகளுக்குக் கணக்கில் தடுமாற்றம் இருந்தால், அதை மறைக்காமல் இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

இனி அவர் செல்ல வேண்டிய பாதை. பட்டம் பெற்றுப் பதிவு செய்தவுடன் நேராகக் கேத் லேபில், அதாவது எக்ஸ்-கதிர் துணையோடு இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் கூடத்தில், வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று மாணவர்கள் எண்ணுகிறார்கள். நான் அதை அவ்வளவு விரும்பமாட்டேன். முதலில் பொது மருத்துவ வார்டிலோ, படுக்கையருகே மானிட்டர் இருக்கும் இடைநிலைக் கண்காணிப்புப் பிரிவிலோ ஓராண்டேனும் பணியாற்றியவருக்கு, சிறுநீரகம், நுரையீரல், சர்க்கரை ஆகிய எல்லாம் இதயத்தோடு எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பது நடைமுறையில் விளங்கிவிடுகிறது. அதன்பின் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு மூன்று ஆண்டுகள். கேத் லேபோ, அறுவைக்குப் பிந்தைய பிரிவோ, குழந்தைகள் இதயப் பிரிவோ அதற்குப் பிறகு. இந்த வரிசையில் போனவர் துறை மாற நினைத்தாலும் எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவும் அவரை வரவேற்கும். உங்கள் மூன்றாவது ஐயத்துக்கு இதுவே விடை.

முதல் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் தொடக்கச் சம்பளத்தையும் இரண்டாமிடத்தில் வையுங்கள். யார் கற்றுத்தருவார்கள் என்பதே முதற்கேள்வி. புதிதாகச் சேர்பவரோடு ஒரு மூத்த செவிலியர் எத்தனை வாரம் இணைந்து பணியாற்றுவார், அந்தக் காலத்தில் இவருக்குத் தனியாக நோயாளிகள் ஒதுக்கப்படுவார்களா என்பதை நேர்காணலிலேயே பணிவாகக் கேட்கலாம். தீவிர சிகிச்சையில் ஒரு செவிலியருக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவில் நோயாளிகள் இருப்பதே முறை. அதைவிட அதிகம் என்று தயக்கமின்றிச் சொல்லும் இடத்தில், கற்றுக்கொள்ளவும் நேரமிராது, கற்றுத்தரவும் ஆளிராது. ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதை அங்கே பணியாற்றும் செவிலியரிடம் விசாரியுங்கள். அலுவலகத்தில் கேட்டால் சரியான பதில் வராது. பணிப் பிணைப்பு ஒப்பந்தம் கேட்டால் கால அளவையும் இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைத்துவிட்டு வரக்கூடாது.

சான்றிதழ்களைப் பற்றியும் குழப்பம் மிகுதி. அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியான பிஎல்எஸ், மேம்பட்ட இதய உயிர்காப்புப் பயிற்சியான ஏசிஎல்எஸ் ஆகிய இரண்டும் இத்துறையின் நுழைவாயில். அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்றுகளை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்துவது காணொளி பார்த்து வருவதில்லை, கை பழக வேண்டும். இவை தவிர, சில வாரங்களில் இதயச் செவிலியர் நிபுணராக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் படிப்புகளுக்குப் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: நோயாளிகளோடு எத்தனை மணி நேரம்? அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கத்தின் சிசிஆர்என் தேர்வுக்கு, ஒரு வழியில் விண்ணப்பிப்பவர் முந்தைய 2 ஆண்டுகளில் 1,750 மணி நேரம் தீவிர நோயாளிகளை நேரடியாகப் பராமரித்திருக்க வேண்டும். அந்தச் சான்றையோ அதுபோன்ற மற்றொரு செவிலியர் சிறப்புச் சான்றையோ பெற்ற பிறகுதான் இதய மருத்துவத்துக்கும் இதய அறுவைக்கும் தனித்தனித் துணைச் சான்றுகள் வருகின்றன. அனுபவத்துக்கு முன்னால் கிடைக்கும் நிபுணர் பட்டத்தின் மதிப்பை இதிலிருந்து நீங்களே அளந்துகொள்ளலாம்.

இடையில் ஒரு தெளிவு. அறுவையின்போது இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட், எக்கோ எடுக்கும் தொழில்நுட்பர், கேத் லேப் தொழில்நுட்பர் ஆகியோரின் படிப்பும் பதிவும் வேறு. செவிலியராகச் சேர்ந்து பின்னர் அப்படியே அந்தப் பணிக்கு மாறிவிடலாம் என்று உங்கள் மகள் நினைத்திருந்தால், அதற்குத் தனிப் படிப்பு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் இரண்டாவது ஐயத்தை நான் மழுப்பப் போவதில்லை. தொடக்க ஆண்டுகளில் இரவுப் பணி கட்டாயம் உண்டு. நோயாளியைத் தூக்கித் திருப்புவதால் முதுகு நோகும். கேத் லேபில் ஈயக் கவசத்தை மணிக்கணக்கில் சுமக்க வேண்டும். கதிரியக்க அளவைக் காட்டும் பட்டையை ஒருநாளும் மறவாமல் அணிய வேண்டும். பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி பணியாளருக்கான வரம்பு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). கருவுற்றதை அறிவித்தபின் கருவுக்கு எஞ்சிய காலம் முழுவதற்கும் சேர்த்து 1 மில்லிசீவர்ட். முறையாகக் கடைப்பிடிக்கும் இடங்களில் இது அஞ்ச வேண்டிய பணியன்று, ஆனால் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு பணியாளருக்கும் உண்டு. மரணத்தைப் பொறுத்தவரை, நேற்று பேசிக்கொண்டிருந்தவர் இன்று இல்லாமற்போவது இப்பிரிவில் நடக்கும். அதைக் காட்டிலும் வெளியே காத்திருக்கும் குடும்பத்தினரின் முகத்தைப் பார்ப்பதுதான் கடினம் என்று பல செவிலியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உயிர்மீட்பு முயற்சி தோற்றபின் குழுவாக உட்கார்ந்து நடந்ததைப் பேசும் வழக்கமுள்ள பிரிவில் இந்தச் சுமை பகிரப்படுகிறது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது எளிது: இரவுப் பணி முடித்து வந்தவரைப் பகலில் எவரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் பேச விரும்பாத நாளில் என்ன நடந்தது என்று துருவாதீர்கள்.

வாழ்நாள் முழுவதும் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. இதயச் செயலிழப்பு நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் புறநோயாளர் பிரிவில், பெரும்பாலும் பகல் பணிதான். அங்கே நோயாளிக்கு நாள்தோறும் எடை பார்க்கக் கற்றுக்கொடுப்பதும், 3 நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடலில் நீர் சேர்கிறது என்று எச்சரிப்பதும், மருந்தை நிறுத்திவிட்டவரிடம் கடிந்துகொள்ளாமல் காரணம் கேட்பதும் முக்கிய வேலைகள். மறுவாழ்வுப் பயிற்சிப் பிரிவு, பேஸ்மேக்கர் பரிசோதனைப் பிரிவு, மாற்று இதய ஒருங்கிணைப்பு, மருத்துவ ஆய்வுப் பணி, கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவையும் உண்டு. முதுநிலைப் பட்டம் கற்பித்தலுக்கும் நிர்வாகத்துக்கும் பயன்படும். சில நாடுகளில் மருந்து எழுதிக்கொடுக்கும் அதிகாரமுள்ள மேம்பட்ட செவிலியராகவும் உயரலாம். ஊதியம் நாட்டுக்கு நாடு, மருத்துவமனைக்கு மருத்துவமனை வெகுவாக மாறுவதால் பொதுவாக ஒரு தொகை சொல்வது உங்களைத் தவறாக வழிநடத்தும்.

படிப்பு முடிய இருக்கும் மாதங்களில் அவர் இதயப் பிரிவுப் பயிற்சியை இயன்றவரை கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நாளுக்கு ஐந்தாறு இசிஜி தாள்களை எடுத்து, வேகம், சீர்மை, மேலறைகளின் இயக்கத்தைக் காட்டும் பி அலை, கீழறைகளின் இயக்கத்தைக் காட்டும் கியூஆர்எஸ் அலையின் அகலம் என்று ஒரே ஒழுங்கில் படித்துப் பழகட்டும். விடையை மனப்பாடம் செய்பவர்கள் புதிய தாளைக் கண்டதும் தடுமாறுகிறார்கள். பணிமாற்றத்தின்போது மூத்தவர்கள் நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் எப்படிச் சுருக்கமாக ஒப்படைக்கிறார்கள் என்பதையும், நள்ளிரவில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து எதை முதலில் சொல்கிறார்கள் என்பதையும் அருகில் நின்று கவனிக்கட்டும். பணி நியமனக் கடிதங்கள் வந்தபின், கையெழுத்திடுமுன் அவற்றின் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள். பயிற்சிக் காலம், பிணைப்பு, பிரிவு மாற்றம் ஆகியவை பற்றிய வரிகளை மூவரும் சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.