சைக்கிள் இன்ஜினும் ஹெட் பேக்கிங்கும்: சில கேள்விகள், பதில்கள்

சைக்கிளில் மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் கிட் இன்ஜின் பற்றிய கேள்விகள் இவை. ஹெட் பேக்கிங் என்பது சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் மெல்லிய தகடு. கடையில் "80 சி.சி." என்று விற்றாலும் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 47 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 38 மி.மீ. கணக்குப் போட்டுப் பார்த்தால் 66 சி.சி.தான். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் அந்த அளவுக்கே.

கேள்வி: நான்கு மாதத்தில் மூன்று ஹெட் பேக்கிங் மாற்றிவிட்டேன். ஒவ்வொரு முறையும் இருநூறு, முன்னூறு கிலோமீட்டரில் கருப்பு எண்ணெய் கசிகிறது. நல்ல பேக்கிங் எது?

மூன்றும் ஒரே மாதிரி போயிருந்தால் பேக்கிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் நட்டைப் பாருங்கள். இந்த இன்ஜின்களில் பெரும்பாலும் மூடி போட்ட டோம் நட்தான் வரும். ஹெட்டுக்கு மேல் ஸ்டட் (நட் ஏறும் மரைக் கம்பி) அதிகமாக நீண்டிருந்தால், நட்டின் மூடி ஸ்டட் நுனியில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனரில் இறுகியதாகவே தெரியும். ஹெட்டின் மேல் அழுத்தம் இருக்காது. சந்தேகம் வந்தால் நட்டை இறுக்கிய பிறகு கீழே உள்ள வாஷரை விரலால் திருகிப் பாருங்கள். அது சுற்றினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. முன்கூட்டியே அளக்கவும் வழியுண்டு: நட்டுக்குள் தீக்குச்சியை விட்டு ஆழத்தைக் குறியுங்கள். வாஷருக்கு மேல் நீளும் ஸ்டட், அந்த ஆழத்தைவிடக் குறைந்தது 1 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு கெட்டியான வாஷர் போடலாம். டோம் நட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, மேலே திறந்திருக்கும் சாதாரண ஃபிளாஞ்ச் நட் போடுவது அதைவிட மேல். பார்க்க அழகில்லை, ஆனால் ஏமாற்றாது.

நட் சரியென்றால் அடுத்தது ஹெட்டின் சமதளம். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். எங்காவது உள்ளே போனால் தேய்த்தே ஆக வேண்டும். கண்ணாடி மேல் 400 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி, தண்ணீரோடு ஒரு சொட்டு சோப்பு விட்டு, எட்டுப் போடுவதுபோல் சுழற்றித் தேயுங்கள். ஒரு கையால் அழுத்தாதீர்கள், ஒரு பக்கம் சரிந்துவிடும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை ஹெட்டைக் கால்வட்டம் திருப்பிப் பிடியுங்கள். முகம் முழுக்க ஒரே மங்கல் வந்ததும் 600 எண்ணில் முடியுங்கள். சிலிண்டரின் மேல்முகத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும். பலர் ஹெட்டை மட்டும் தேய்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹெட்டைக் கழற்றினாலும் அலுமினியம் கோணிப்போகும். கைவைக்கும் சூட்டுக்கு வந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

கேள்வி: அலுமினியம், செம்பு, ஃபைபர். மூன்றில் எது போடுவது?

முகம் இரண்டும் சமமாக இருந்தால் கிட்டோடு வரும் அலுமினியமே போதும். ஒருமுறை அமுங்கியதைத் திரும்பப் போடாதீர்கள். ஃபைபர் சிறு மேடுபள்ளத்தை ஏற்கும், ஆனால் ஓட ஓட அமுங்கிக்கொண்டே இருக்கும், மறு இறுக்கம் தவறினால் ஊதிவிடும். அடிக்கடி ஹெட்டைக் கழற்றுகிறவருக்குச் செம்பு. அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு முறையும் பதப்படுத்த வேண்டும். மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை தீயில் காட்டி, தண்ணீரில் போட்டுவிடுங்கள். இரும்பைப்போல் செம்பு இதில் இறுகாது, மெழுகுபோல் இளகும். பிறகு கரியை வாட்டர் பேப்பரில் லேசாகத் துடைத்தால் போதும். அலுமினியத்தில் இந்த வேலை வேண்டாம்: அது சிவக்காமலேயே 660 டிகிரியில் உருகிவிடும்.

கேள்வி: டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் ஹெட் பேக்கிங் எந்த ஊரிலும் கிடைக்கிறது. அதைப் போடலாமா?

வேண்டாம். எக்ஸ்எல் சூப்பரின் போர் 46 மி.மீ., உங்களுடையது 47. அதற்கு ஏற்ற துளையின் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அது தணலாகிச் சிவந்து, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழ இது நல்ல வழி. பேக்கிங்கின் துளை போரைவிட அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை பெரிதாக இருக்க வேண்டும். கிட் இன்ஜினுக்கென்றே வாங்கும்போதும் ஸ்டட் 6 மி.மீ.யா 8 மி.மீ.யா என்று அளந்துவிட்டுப் போங்கள், பழைய பேக்கிங்கைக் கையோடு கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மெல்லிய பேக்கிங் போட்டால் இழுவை கூடுமாமே? நண்பர் ஒருவர் சூடு குறைய இரண்டு பேக்கிங் போடச் சொல்கிறார்.

47 மி.மீ. போரில் 0.1 மி.மீ. தடிமன் என்பது 0.17 சி.சி. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 9 சி.சி. என்று வைத்துக்கொண்டால் கம்ப்ரஷன் (கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற விகிதம்) 8.3. பேக்கிங்கில் அரை மி.மீ. குறைத்தால் 9.1. ஏறும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் இந்த இன்ஜினில் பொறி விடும் நேரம் மாக்னெட்டோடு நிலையாகப் பூட்டியது. கம்ப்ரஷனுக்கு ஏற்பப் பின்தள்ள வசதி இல்லை. அதிகச் சூட்டில் தட்டும் சத்தம் வந்தால் பழைய தடிமனுக்குத் திரும்புங்கள்.

மெல்லியதைப் போடும் முன் பிஸ்டன் இடிக்காதா என்று பார்ப்பது கட்டாயம். 2 மி.மீ. சால்டர் கம்பித் துண்டுகள் இரண்டைப் பிஸ்டன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் குறுக்குக் கம்பி) இருக்கும் திசையில், இரண்டு ஓரத்திலும் கிரீஸால் ஒட்டுங்கள். ஹெட்டை முழு இறுக்கத்தில் மாட்டி, இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றி, நசுங்கிய முனையை வெர்னியரில் அளங்கள். 0.8 முதல் 1.0 மி.மீ. நல்லது. 0.7க்குக் கீழே போகாதீர்கள், வேகத்தில் ராடு நீள்வதற்கும் பேரிங் ஆட்டத்துக்கும் இடம் வேண்டும்.

இரண்டு பேக்கிங் கதை வேறு. 1 மி.மீ. கூடுதலாகப் போட்டால் கம்ப்ரஷன் 7.1க்கு இறங்கும், ஓரத்து இடைவெளி அகன்று எரிதல் மந்தமாகும், கசிய இன்னொரு முகமும் சேரும். சூடு குறைய வேண்டுமென்றால் கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளை) பாருங்கள்.

கேள்வி: டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லை. கையளவில் இறுக்கலாமா?

6 மி.மீ. ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு 18. கையளவு என்று இறுக்கியே பலர் கிராங்க்கேஸ் (சிலிண்டருக்குக் கீழே உள்ள இன்ஜின் உடல்) மரையை உருவிவிட்டிருக்கிறார்கள். மீன்கடையில் பிடிக்கும் தொங்கு தராசு ஒன்று போதும். நட்டின் நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஸ்பேனரில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்கு நேர்செங்குத்தாக இழுத்து 10 கிலோ காட்டினால் 6 மி.மீ.க்கு வேண்டிய இறுக்கம் வந்தாயிற்று. 8 மி.மீ.க்கு 15 செ.மீ. தள்ளி 12 கிலோ. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்கட்டும்.

எதிரெதிர் மூலையாகப் போங்கள், மூன்று சுற்றில்: பாதி, முக்கால், முழு. பிறகு பத்து நிமிடம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, அதே அளவில் மறுபடி பாருங்கள். ஃபைபர் என்றால் 50 கிலோமீட்டரில் இன்னொரு முறை.

கேள்வி: சிலிகான் பேஸ்ட் தடவினால் நிற்குமா?

ஹெட்டில் வேண்டாம். சூட்டில் கருகும், மிச்சம் சிலிண்டருக்குள் பிதுங்கும். செம்புக்கு மேல் மெல்லிய காப்பர் ஸ்ப்ரே ஒரு கோட் அடிப்பதில் தவறில்லை.

கேள்வி: ஹெட்டைக் கழற்றி மாட்டிய பிறகு ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகமாகவே ஓடுகிறது. புதிய ஹெட் பேக்கிங்கும் கசிகிறதா?

இது ஹெட் அல்ல, சிலிண்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவில் உள்ள அடிப் பேக்கிங்காக இருக்கும். கிட் இன்ஜினில் நீளமான ஸ்டட் கிராங்க்கேஸிலிருந்து சிலிண்டர் வழியாக ஹெட் வரை போகிறது. ஹெட் நட்டைத் தளர்த்தினால் சிலிண்டரும் தளர்ந்துவிடும். ஒட்டிய ஹெட்டை இழுக்கும்போது சிலிண்டர் ஒரு மி.மீ. எழும்பினாலும் அடியில் உள்ள காகிதம் கிழியும். ஹெட் கசிந்தால் வெளியே ஊதும், சோப்புத் தண்ணீரில் குமிழி வரும். அடி கசிந்தால் காற்றை உள்ளே இழுக்கும். கலவை மெலிந்து, 2டி எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் உடனே நிறுத்துங்கள், வீடுவரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்த முறை கழற்றும்போது சிலிண்டரை ஒரு கையால் கீழே அழுத்திப் பிடித்து, ஹெட்டின் ஓரத்தில் மரச்சுத்தியால் தட்டி விடுவியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடையில் நுழைத்து நெம்ப வேண்டாம். எழும்பிவிட்டதாகத் தோன்றினால் யோசிக்காமல் அடிப் பேக்கிங்கையும் மாற்றிவிடுங்கள்.