கேள்வி-பதில்: டெக்கீலா, பம்ளிமாஸ், உடைந்த கிளாஸ்

வெயில் ஏற ஏற பலோமா பற்றிய கடிதங்களும் ஏறிக்கொண்டே வருகின்றன. டெக்கீலா என்ற மது, கிரேப்ஃப்ரூட் சோடா, எலுமிச்சை, உப்பு சேர்த்து, உயரமான கிளாஸில் ஐஸ் நிரப்பித் தருகிற மெக்சிகோ பானம் அது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கல்யாண நாளுக்கு எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்திருக்கிறோம். பலோமா கொடுக்க ஆசை. கிரேப்ஃப்ரூட் சோடா கிடைக்கவில்லை. 'பலோமா மிக்ஸ்' என்று ஒரு பாட்டில் 900 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? (பெருங்குடி)

வேண்டாம். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் அச்சிட வேண்டும். தண்ணீர், சர்க்கரை, அமிலம், நிறம் என்று போய், பழச்சாறு கடைசியில் இருந்தாலோ இல்லாமலே போனாலோ, நீங்கள் 900 ரூபாய்க்குச் சர்க்கரைத் தண்ணீர் வாங்குகிறீர்கள்.

கோயம்பேட்டில் பம்ளிமாஸ் வரும்போது இரண்டு வாங்குங்கள். கிரேப்ஃப்ரூட்டே பம்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம்தான். தோலையும் வெள்ளைப் பஞ்சையும் சுளைமேல் இருக்கிற சவ்வையும் முழுக்க எடுத்துவிட்டுப் பிழியுங்கள், இல்லாவிட்டால் கசப்பு தூக்கலாக இருக்கும். பம்ளிமாஸ் இல்லாத மாதத்தில் சாத்துக்குடிச் சாறு எடுத்து, நாரத்தைத் தோலைக் கொஞ்சம் சீவிப் போட்டு ஊறவையுங்கள். அந்த லேசான கசப்புதான் பலோமாவுக்கு உயிர்.

ஒரு கிளாஸுக்கு டெக்கீலா 50 மி.லி., பழச்சாறு 60, எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 10, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றைக் கலந்து, கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு, கடைசியில் நன்றாகக் குளிர்ந்த சோடா 90 மி.லி. ஊற்றி ஒரே ஒரு தடவை கிளறுங்கள். எட்டுப் பேருக்கான சாறு, எலுமிச்சை, பாகை மதியமே ஜாடியில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். சோடாவை மட்டும் ஊற்றுகிற நேரத்தில் திறங்கள். விளிம்புக்குக் கல்லுப்பை ஒன்றிரண்டாக இடித்து, பாதி விளிம்பில் மட்டும் ஒட்டவையுங்கள். உப்பு பிடிக்காதவர் மறுபக்கமாகக் குடிக்கலாம். 750 மி.லி. பாட்டிலில் பதினைந்து கிளாஸ் வரும், உங்களுக்கு ஒரு பாட்டில் போதும்.

பலோமாவில் கிரேப் சோடா ஊற்றினேன். ருசி கெட்டுவிட்டது. மீதிப் பாட்டில்களைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (அயனாவரம்)

அவர் ஏன் எடுக்க வேண்டும்? நீங்கள் திராட்சை சோடா கேட்டீர்கள், அவர் திராட்சை சோடா கொடுத்தார். கிரேப்ஃப்ரூட் திராட்சை இல்லை.

வெள்ளை டெக்கீலா, கோல்டு டெக்கீலா, எது உசத்தி? கோல்டு பழமையானது என்கிறார் நண்பர். (கே.கே. நகர்)

உங்கள் நண்பர் சொன்னதை நம்பித்தான் நானும் ஒருமுறை ஏமாந்தேன். தங்க நிறத்தைப் பார்த்து, மரப்பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடந்த சரக்கு என்று நினைத்து, ஒரு மாத மளிகைக்கு ஆகிற பணத்தைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து லேபிளைப் படித்தபோதுதான் நிறம் சேர்த்தது என்று தெரிந்தது. கடையிலேயே படித்திருக்க வேண்டும். அதிலிருந்து இந்த விஷயத்தை யார் கேட்டாலும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

டெக்கீலா என்ற பெயர் 1974 முதல் மெக்சிகோவில் சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர். ஹாலிஸ்கோ மாநிலத்திலும் இன்னும் நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும், நீல அகாவே என்ற கற்றாழை போன்ற செடியின் கிழங்கு மாதிரியான நடுப்பகுதியிலிருந்துதான் அதைச் செய்ய வேண்டும். ஆனால் புளிக்கவைக்கிற சர்க்கரையில் 51 சதவீதம் அகாவேயிலிருந்து வந்தாலே டெக்கீலா என்று எழுதிக்கொள்ளலாம், மீதி கரும்புச் சர்க்கரையாக இருக்கலாம். முழுக்க அகாவே என்றால் லேபிளில் '100% அகாவே' என்று இருக்கும். அந்த வரி இல்லையென்றால் அது கலப்பு வகை. கலப்பு வகையைப் பெரிய தொட்டிகளில் வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பாட்டிலில் அடைக்கவும் அனுமதி உண்டு. நூறு சதவீத வகைக்கு அது கிடையாது.

இனி நிறம். உண்மையிலேயே பீப்பாயில் இருந்ததற்கு வேறு பெயர்கள் உண்டு. குறைந்தது இரண்டு மாதம் இருந்தால் ரெபோசாடோ, ஒரு வருடம் இருந்தால் அன்யேஹோ. வெறும் கோல்டு என்று மட்டும் போட்டது பெரும்பாலும் கலப்பு வகைதான், கேரமல் சேர்த்து நிறம் ஏற்றியிருப்பார்கள். பலோமாவுக்கு 100% அகாவே எழுதிய வெள்ளை, அதாவது பிளாங்கோ, போதும். லேபிளில் NOM (நோம்) என்ற எழுத்துகளோடு நான்கு இலக்க எண் இருக்கும். எந்த ஆலையில் தயாரானது என்பதைக் காட்டும் எண் அது. பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் பாருங்கள். அரை நிமிடம் ஆகாது.

ஆன்லைனில் ஆறு உயரக் கிளாஸ் வாங்கினேன். நான்கு உடைந்து வந்தது. பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் பணம் தர முடியாது என்கிறார்கள். 1,400 ரூபாய் போனது போனதுதானா? (பம்மல், ஓய்வுபெற்ற ஆசிரியை)

போகவில்லை அம்மா, விடாதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. வீடியோ இருந்தால்தான் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. உடைந்த கிளாஸ், பெட்டி, அதன்மேல் ஒட்டிய சீட்டு மூன்றையும் படம் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

குளிர்ந்த சோடாவுக்குக் கூலிங் சார்ஜ் என்று மூன்று ரூபாய் கூடக் கேட்கிறார்கள். (திருவொற்றியூர்)

கொடுக்காதீர்கள். அச்சிட்ட அதிகபட்ச விலையில் எல்லாம் அடக்கம்.

ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ டெக்கீலா, ஒருவர் பாதி விலைக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். மூடி மட்டும் கொஞ்சம் லூசாக இருந்தது. குடிக்கலாமா? (மடிப்பாக்கம்)

மூடி லூசாக இருந்ததைப் பார்த்துவிட்டு வாங்கினீர்களா? கொட்டிவிடுங்கள். பயணி கொண்டுவர அனுமதித்த இரண்டு லிட்டர் அவர் சொந்த உபயோகத்துக்கு, விற்பதற்கு இல்லை. உங்களுக்கு வந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கொண்டுவந்தவருக்கே தெரியாமல் இருக்கலாம். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தால் செத்தார்கள். ருசியிலோ வாசனையிலோ மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. அரசு எலைட் கடையில் சீல் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

பதினான்கு உருப்படி உள்ள ஷேக்கர் செட் தள்ளுபடியில் வருகிறது. பலோமாவுக்குத் தேவையா? (போரூர்)

தேவையில்லை. சோடா சேர்ந்த பானத்தை ஷேக்கரில் போட்டுக் குலுக்கினால் மூடி தெறிக்கும். நீள ஸ்பூன் ஒன்று போதும்.

மாமனாரும் விருந்துக்கு வருகிறார். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் ஒரு கிளாஸ் கொடுக்கலாமா? (அண்ணா நகர்)

டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மதுவை விட்டாலும் பழமே பிரச்சினை. அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் மாதிரி மாத்திரைகளை உடம்பு உடைத்து வெளியேற்றுவதைக் கிரேப்ஃப்ரூட் தடுக்கிறது, அதனால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். பம்ளிமாஸுக்கும் அதே குணம் உண்டு. சில ரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். அவருக்கு நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து, சோடா ஊற்றி, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே உயரக் கிளாஸில் அதே உப்பு விளிம்போடு கொடுங்கள். வண்டி ஓட்டித் திரும்புகிறவர்களுக்கும் அதையே கொடுங்கள்.