மேற்கூரைப் பனி கீழ்க்கூரையில் குவிந்தால்

கேள்வி: 40 அடி அகலத் தட்டைக்கூரைக் கொட்டகையை ஒட்டி, அதைவிட 10 அடி உயரமாக, 100 அடி நீளக் கட்டடம் வரப்போகிறது. தரைப் பனிச்சுமை சதுர அடிக்கு 30 பவுண்டு. கொட்டகைக் கூரை 21 பவுண்டு தாங்கும்படி கட்டியது. போதுமா?

பதில்: போதாது. 21 என்பது பனி சமமாகப் படிந்தால் வரும் சுமை (30-இல் 0.7 பங்கு, மற்ற காரணிகள் எல்லாம் 1). காற்று மேற்கூரைப் பனியை வாரிவந்து சுவர் மறைவில் கொட்டும்போது கதை வேறு. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் கட்டடச் சுமை விதியான ஏ.எஸ்.சி.இ. 7-இன் 2016 பதிப்பின்படி (7-16) போட்டுப் பார்ப்போம்.

குவியலின் உயரத்துக்கு, மேற்கூரை நீளத்தின் கனமூலத்தையும், தரைச்சுமையோடு 10 கூட்டியதன் நான்காம் மூலத்தையும் 0.43-ஆல் பெருக்கி 1.5 கழிக்க வேண்டும்: 0.43 × 4.64 × 2.51 − 1.5 = 3.5 அடி. பலர் இங்கே தரைச்சுமைக்குப் பதில் கூரைச்சுமை 21-ஐப் போட்டுவிடுகிறார்கள். எதிர்த்திசைக் காற்றுக்குக் கீழ்க்கூரையின் 40 அடியை வைத்துக் கணக்கிட்டு முக்கால் பங்கு எடுத்தால் 1.65 அடிதான். இரண்டையும் கூட்டக் கூடாது, பெரியதே கணக்கு.

பனியின் அடர்த்தி 0.13 × 30 + 14 = கன அடிக்கு 17.9 பவுண்டு. ஆகவே சுவரோரம் குவியல் மட்டும் 63, அடியில் உள்ள 21-உம் சேர்ந்தால் 84 பவுண்டு. நான்கு மடங்கு! குவியல் உயரத்தைப் போல 4 மடங்கு தூரத்தில், அதாவது 14 அடியில், முக்கோணமாகச் சரிந்து மறையும்.

இந்த 63-ஐக் கூரை முழுக்கச் சராசரியாகப் பரப்பிக் காட்டும் கணக்கை நம்பாதீர்கள். சுவருக்கு இணையாக 5 அடிக்கு ஒரு பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் சட்டம்) என்றால், சுவரிலிருந்து 5 அடியில் உள்ளதன்மேல், சரிந்த குவியலும் அடியில் உள்ள 21-உம் சேர்ந்து, சதுர அடிக்கு 62 பவுண்டு விழும். அடி நீளத்துக்கு 310. அது தாங்கக் கட்டியதோ 105. இடையில் பர்லின் சேர்த்தால் பர்லின் பிழைக்கும். ஆனால் மொத்தச் சுமை குறையாது. அதைச் சுமக்கும் உத்தரம், போல்ட், தூண் எல்லாவற்றையும் தனியே சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: புதுக் கட்டடத்தை 10 அடி தள்ளிக் கட்டினால் தப்பிக்கலாமா?

பதில்: முடியாது. உயர வித்தியாசத்தின் 6 மடங்கிலிருந்து இடைவெளியைக் கழித்து 6-ஆல் வகுத்தால் (60 − 10) ÷ 6 = 8.3 அடி. அதையும் 3.5-ஐயும் ஒப்பிட்டுச் சிறியதை எடுக்கச் சொல்கிறது விதி. எனவே உயரம் அப்படியே நிற்கிறது. அகலமோ குவியல் உயரத்தின் 6 மடங்காகி 21 அடிக்குப் போய்விடும். 20 அடி தள்ளினால்தான் இந்தக் கணக்கே தேவைப்படாது.