மாம்பழ கேலட்: கேட்டதும் சொன்னதும்

கேலட் என்பது பிரெஞ்சுக்காரர்களின் பழ டார்ட். அச்சு, டின் எதுவும் வேண்டாம். வட்டமாகத் தேய்த்த மாவின் நடுவில் பழத்தை அடுக்கி, விளிம்பைப் புடவைக் கொசுவம் மாதிரி உள்பக்கம் மடித்து, அப்படியே தட்டில் வைத்துச் சுட வேண்டியதுதான். கோணல்மாணலாக வந்தால் தப்பே இல்லை, அதுதான் அதன் வடிவம்.

பல ஊர்களிலிருந்து கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் எல்லாம் இந்த அளவை வைத்தே: மைதா 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு கால் டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 50 முதல் 60 மில்லி. உள்ளே வைக்க: நறுக்கிய மாம்பழம் 400 கிராம், சர்க்கரை 50 கிராம், சோளமாவு (கார்ன் ஃப்ளோர்) 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன். வெறுமனே கரண்டி என்றால் மேசைக்கரண்டி. ஆறு பேர் சாப்பிடலாம். தராசு இல்லாதவர்களுக்கு, 240 மில்லி கப்பில் தட்டி அமுக்காமல் ஒன்றே முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தால் 200 கிராம் மைதா.

கிருஷ்ணகிரியிலிருந்து: சந்தையில பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா மூணும் கிடைக்குது. எதுல செய்யலாம் அக்கா?

பெங்களூரா. கிளிமூக்கு என்று சொல்வதும் இதைத்தான். அதுவும் முழுக்கப் பழுத்தது வேண்டாம். தோல் மஞ்சளாகத் திரும்பி, அமுக்கினால் கொஞ்சம் எதிர்த்து நிற்கிற செங்காய்ப் பதம் போதும். புளிப்பும் இருக்கும், சூட்டில் துண்டும் கரையாது. அல்போன்சாவை அப்படியே கையில் பிடித்துச் சாப்பிடுங்கள். அடுப்பில் போனால் குழைந்து கூழாகிவிடும், அந்த மணமும் பாதி போய்விடும். செந்தூராவில் சாறு அதிகம். அதுதான் இருக்கிறது என்றால் சோளமாவை ஒன்றரைக் கரண்டியாக்கி, சர்க்கரையை 30 கிராமாகக் குறையுங்கள். எதுவானாலும் துண்டு அரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும்.

தருமபுரியிலிருந்து: மே மாச வெயில்ல மாவு பிசையும்போதே வெண்ணெய் உருகி சப்பாத்தி மாவு மாதிரி ஆயிடுது. என்ன செய்ய?

கேலட் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர். மாவுக்குள் வெண்ணெய் சிறு சிறு துணுக்காக நின்றால், அடுப்புச் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவை இதழ் இதழாகத் தூக்கும். முன்னாடியே உருகி மாவோடு கலந்துவிட்டால் இதழே வராது, கடிக்கிற பிஸ்கட்தான் வரும்.

விடியற்காலையில் செய்யுங்கள். மைதா, கிண்ணம், காய் துருவி மூன்றையும் முந்தின இரவே ஃப்ரீசரில் வையுங்கள், வெண்ணெயையும் கட்டியாக உறையவிடுங்கள். காலையில் வெண்ணெயைத் துருவி மாவில் போட்டு, விரல் நுனியால் அரை நிமிடம் மட்டும் புரட்டுங்கள். உள்ளங்கை படவே கூடாது. ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, பிடித்தால் பிடிபடுகிற பதம் வந்ததும் நிறுத்துங்கள். பிசையக் கூடாது, சேர்த்து அமுக்கினால் போதும். அங்கங்கே உதிரியாகத் தெரிந்தால் நல்லதுதான். தட்டையாக்கி மூடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில். பிறகு 3 மில்லிமீட்டர் கனத்தில் 30 சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கிற மேடை மேல் பத்து நிமிடம் ஐஸ் தட்டை வைத்து எடுத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தேய்த்தால் கை ஓடும். நடுவில் இளகினால் அடம்பிடிக்காமல் மறுபடி ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மேல நல்லா சிவக்குது, அடி மட்டும் ஈரமா கொழகொழன்னு இருக்கு.

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, பழத்தில் சர்க்கரை கலந்து வெகுநேரம் வைத்திருப்பீர்கள். சர்க்கரை சாற்றை இழுத்துவிடும். கலந்த பத்தாவது நிமிடம் அடுக்கிவிடுங்கள், கிண்ணத்தில் தேங்கிய சாற்றை ஊற்றாதீர்கள். இரண்டாவது, மாவுக்கும் பழத்துக்கும் நடுவே தடுப்பு இல்லை. இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவை நடுவில் தூவுங்கள். கடைகளில் பாதாம் தூள் போடுவார்கள், இந்த வேலைக்குப் பொட்டுக்கடலை எந்த விதத்திலும் குறைந்ததில்லை. மூன்றாவது, தட்டை நடு அடுக்கில் வைத்திருப்பீர்கள். கீழ் அடுக்கில் வையுங்கள். சூடேற்றும்போதே உள்ளே ஒரு காலித் தட்டைப் போட்டு, கேலட்டை பேக்கிங் தாளோடு அந்தக் கொதிக்கிற தட்டில் நகர்த்திவிட்டால் அடி உடனே பிடித்துக்கொள்ளும்.

200 டிகிரி செல்சியஸில் 40 முதல் 45 நிமிடம். மடிப்பு அடர்ந்த பொன்னிறமாகி, நடுவில் சாறு குமிழ் விட வேண்டும். குமிழ் வராவிட்டால் சோளமாவு கெட்டிப்படவில்லை என்று அர்த்தம்.

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து: சாயங்காலம் வோல்டேஜ் குறையுது. ஓடிஜி (கரண்ட் அடுப்பு) சூடே ஏறல. நேரத்தைக் கூட்டினா மாவு காய்ஞ்சு போகுது.

230 வோல்ட்டுக்குப் பதில் 180தான் வந்தால், கம்பி தரும் வெப்பம் ஏறக்குறைய 60 சதவீதமாக இறங்கிவிடும். திருகில் 200 என்று இருக்கும், உள்ளே இருக்காது. அடுப்புக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அரை மணிக்கு மேல் ஆனாலும் முள் 200 தொட்ட பிறகே கேலட்டை உள்ளே வையுங்கள். இல்லாவிட்டால் வெண்ணெய் முதலில் உருகி வழியும், மாவு அப்புறம்தான் வேகும். வோல்டேஜ் சரியாக வருகிற நேரம் பார்த்துச் செய்வது எல்லாவற்றையும்விட நல்லது.

ஓசூரிலிருந்து: உப்புப் போட்ட மஞ்சள் பாக்கெட் வெண்ணெய் பரவாயில்லையா?

தாராளமாக. மாவில் தனியாக உப்புப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

பாலக்கோட்டிலிருந்து: வீட்டுல கடைஞ்ச வெண்ணெய், நெய், டால்டா... இதுல எது ஆகும்ங்க?

கடைந்த வெண்ணெய் ஆகும், ஆனால் அதில் மோர் நிற்கும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசி, அழுத்திப் பிழிந்து, கட்டியாக உறையவைத்து 130 கிராம் எடுங்கள். ஐஸ் தண்ணீரைப் பாதியில் தொடங்குங்கள். நெய்யில் தண்ணீரே கிடையாது. ஆகவே இதழ் குறையும், மணல் மாதிரி பொறுபொறுப்பாக வரும். ஃப்ரிட்ஜில் உறைந்த நெய் 100 கிராம் போதும், தண்ணீர் இரண்டு கரண்டி கூடும். டால்டா வெண்ணெய் மாதிரி சீக்கிரம் உருகாது, கையாள்வது சுலபம். அதே காரணத்தால் வாயிலும் சரியாக உருகாமல் மேலண்ணத்தில் ஒட்டும். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

அரூரிலிருந்து: கேழ்வரகு மாவுல செய்யலாமா?

முழுக்க முடியாது. மைதாவில் 50 கிராம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நைசாக அரைத்துச் சலித்த கேழ்வரகு மாவு போடலாம். அதில் இழுவைப் பசை இல்லாததால் மடிக்கும்போது வெடிக்கும். தண்ணீர் ஒரு கரண்டி கூட்டி, கழுவித் துடைத்த பால் கவர் இரண்டை விரித்து, அவற்றுக்கு நடுவில் மாவை வைத்துத் தேய்த்தால் கிழியாது. மாம்பழத்தோடு கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்தால் கேழ்வரகு வாசனை எடுபடும்.

போச்சம்பள்ளியிலிருந்து: பழக்கூழ் டின் வீட்டுல இருக்கு. அதையே ஊத்திடலாமா?

ஊற்றினால் பாயசம்தான். 200 கிராம் கூழை அடிகனமான வாணலியில் கிளறிப் பாதியாகச் சுண்டவைத்து, ஆறிய பிறகு பழத்துண்டுக்கு அடியில் மெல்லிசாகத் தடவலாம். டின் கூழில் சர்க்கரை சேர்த்திருந்தால் வேறு சர்க்கரை வேண்டாம்.

பர்கூரிலிருந்து: சுடும்போது மடிப்பு விரிஞ்சு சாறெல்லாம் தட்டுல ஓடிடுச்சு.

விளிம்பு 4 சென்டிமீட்டராவது விட்டீர்களா? மடித்த பிறகு 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, இறுகியதும் நேராகச் சூட்டுக்குப் போக வேண்டும். அடியில் விரிசல் தெரிந்தால் மிச்ச மாவைத் துளி தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். பழத்தைக் குவிக்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: முட்டை சேர்க்க மாட்டோம். மேல பளபளப்பு வருமா?

காய்ச்சிய பாலின் ஆடையை ஒரு கரண்டி பாலில் குழைத்து, ஒரு சிட்டிகை சர்க்கரையோடு தடவுங்கள். முட்டை அளவுக்குப் பளபளக்காது, நிறம் நன்றாக வரும்.

ஊத்தங்கரையிலிருந்து: அடுப்புல வாணலி வெச்சு செய்ய முடியுமா?

முடியும், அரைகுறையாக. கனமான இரும்பு வாணலியில் ஸ்டாண்டு வைத்து, இறுக்கமாக மூடிப் பதினைந்து நிமிடம் சூடேற்றி, 15 சென்டிமீட்டர் அளவுக் குட்டி கேலட்டை மிதமான தீயில் 40 நிமிடம் வையுங்கள். அடி சிவக்கும், மேல் வெளுத்தே இருக்கும். மேலிருந்து வெப்பம் வராததுதான் காரணம். கரி கிடைத்தால் மூடிமேல் தணலைப் பரப்புங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து. குக்கரை மட்டும் தண்ணீரில்லாமல் காயவைக்காதீர்கள், பாழாகும்.

மறுபடி கிருஷ்ணகிரி: சீசன் முடிஞ்சதும் சீத்தாப்பழத்துல செய்யலாமா?

வேண்டாம், சூடு பட்டால் கசக்கும். கொய்யா நல்லது. விதைப் பகுதியை எடுத்துவிட்டு மெல்லிசாகச் சீவி, எலுமிச்சைச் சாற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து இன்னொருவர்: முந்தின நாளே செஞ்சு ஊருக்கு எடுத்துட்டுப் போகணும்.

சுட்டதைவிட மாவை எடுத்துப் போவது உத்தமம். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம் நிற்கும். சுட்டதுதான் வேண்டுமென்றால் கம்பி வலைமேல் முழுக்க ஆறவிட்டு, காகித அட்டைப் பெட்டியில் லேசாக மூடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் வேர்த்து நமுத்துவிடும். போய்ச் சேர்ந்ததும் 160 டிகிரியில் பத்து நிமிடம், இல்லையென்றால் தோசைக்கல்லில் சிறுதீயில் ஐந்து நிமிடம். மைக்ரோவேவ் வேண்டாம்.